முதுமைக்கு ஓர் அளவுகோல்

தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கராகிய யாம் மருத்துவப் பொருள் ஒன்றனைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பைத் தரலாம். உலாவும் பிள்ளைத்தமிழும் ஓதுவோர்க்குக் கழுத்துச் சுரப்பியோடு என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளராவர். எனினும், முதியோர் ஒருவரேனும் இல்லாத இல்லத்தினின்று இக்கல்லூரிக்கு வந்தோர் நம்முட் சிலரே. அம்முதியோருட் பலர் நாள்தோறும் காலையில் வெறுவயிற்றில் சிறு மாத்திரை ஒன்றை விழுங்குதலையும் நாம் காண்கின்றோம். தைராய்டு மாத்திரை என்று வழங்கப்பெறும் அது, வேண்டுவார்க்கு அமிழ்தம். வேண்டாதார்க்கு வீண் சுமை. அளவு மிகின் தீங்கும் ஆகும். வேண்டுவார் யார், வேண்டாதார் யார் என்று பகுத்துக் காட்டும் அளவுகோல் இளையோர்க்கும் முதியோர்க்கும் ஒன்றாகவே இன்றும் பல இடங்களில் வழங்கி வருகின்றது. அது முறையன்று, முதுமைக்கு முதுமையின் அளவுகோலே வேண்டும் என்பது எம் கருத்து. அதனை இயன்ற அளவு ஈண்டு விளக்குவோம்.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவிச் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று அமைந்திருப்பது தைராய்டு என்னும் சுரப்பி. வளர்ந்தோர்க்கு அதன் எடை ஏறத்தாழ 20 கிராமே. உணவின் வழிப் பெற்ற அயோடினைக் கொண்டு அது தைராக்ஸின் முதலிய சுரப்புநீர்களை ஆக்கிக் குருதியிற் கலக்கின்றது. உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, குடலின் இயக்கம், உள்ளத்தின் சுறுசுறுப்பு ஆகிய இவையெல்லாம் அந்நீரின் அளவைப் பொறுத்தன. அது குறைந்தால் உடல் குளிர்ந்து, முகம் தடித்து, நினைவு மங்கி, எல்லாம் மந்தமாகும். மிகுந்தால் நெஞ்சு படபடத்து, உடல் மெலிந்து, உறக்கம் கெடும்.

இச்சுரப்பியின் குறைபாட்டுக்கு மருந்து கண்ட வரலாறு மருத்துவத்தின் வெற்றிகளுள் ஒன்றாகும். 1873-ஆம் ஆண்டில் வில்லியம் கல் என்னும் ஆங்கில மருத்துவர், பெண்டிர் சிலர்க்கு வளர்ந்த வயதில் நேர்ந்த இம்மந்த நிலையைத் தெளிவுற எடுத்துரைத்தார். 1891-இல் நியூகாசில் நகரத்து ஜார்ஜ் மர்ரே என்பவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுடைய பெண்மணி ஒருவர்க்கு ஊசி வாயிலாகச் செலுத்தினார். அப்பெண்மணி தேறித் தம் 74-ஆம் வயது வரை வாழ்ந்தார்; அவர் ஒருவர்க்காக 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தனவாம். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்க நாட்டு எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1926-இல் சார்ல்ஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பை அறிந்தார். அடுத்த ஆண்டில் ஜார்ஜ் பார்ஜரோடு கூடி ஆய்வுக்கூடத்திலேயே அதனை ஆக்கியும் காட்டினார். இத்தகைய மருந்தை இகழ்ந்து பேசுதல் எம் நோக்கமன்று. நன்மருந்தாயினும் உரியவர்க்கு உரிய அளவில் தருதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

நிற்க. சுரப்பியின் நிலையை மருத்துவர் எங்ஙனம் அறிகின்றனர்? மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி, தைராய்டை ஏவுதற்பொருட்டுத் தூண்டுநீர் ஒன்றைச் சுரக்கின்றது. ஆய்வுத் தாள்களில் டி.எஸ்.எச். என்று குறிக்கப்பெறுவது இதுவே. இதனை ஓர் உவமையால் விளக்கலாம். வயலில் நீர் குறைந்தால் உழவன் மடைகாப்போனை உரத்துக் கூவி அழைக்கின்றான். நீர் நிறைந்தபின் குரல் அடங்குகின்றான். தைராக்ஸின் வயலில் பாயும் நீர். தூண்டுநீர் உழவனுடைய குரல். குரல் உயர்ந்தால் வயல் காய்கின்றது என்று உய்த்துணர்வது பெரும்பாலும் சரியே. ஆனால் மடைகாப்போன் முதியவனாகி அவன் செவி சற்று மந்தித்துவிட்டால் என் செய்வது? உழவன் முன்னையினும் உரத்துக் கூவுவான்; வயலிலோ நீர் குறைவின்றி நிற்கும். குரலை மட்டும் கேட்டு வயல் வறண்டது என்று முடிவு செய்வோன் தவறுவான் அன்றோ?

தூண்டுநீரின் அளவு எத்துணை இருத்தல் இயல்பு என்பதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளனர். நலமுடையோர் பலருடைய அளவுகளை வரிசைப்படுத்தி, மேற்கோடியில் 2.5 விழுக்காட்டையும் கீழ்க்கோடியில் 2.5 விழுக்காட்டையும் நீக்கி, எஞ்சிய 95 விழுக்காட்டினரின் அளவையே இயல்பு என்பர். இவ்வாறு பெறப்படும் எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை, லிட்டருக்கு இத்தனை மில்லி அலகு என்பது கணக்கு. இவ்வெண்ணைக் கடந்தால் ஆய்வுத் தாளில் கொட்டையெழுத்துத் தோன்றும். அக்கொட்டையெழுத்தே இல்லத்தார் நெஞ்சில் அச்சத்தை விளைப்பது.

எம் இல்லத்திலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். எம் பாட்டியார்க்கு அப்போது வயது 78. ஞாயிறுதோறும் ஆராதனைக்கு நடந்தே செல்பவர். பொதுவான ஆய்வு ஒன்றில் அவருடைய தூண்டுநீர் 6.2 என்று வந்தது. களைப்பு உண்டா என்று வினவினர். எழுபத்தெட்டு வயதில் களைப்பில்லை என்பார் யார்? மாத்திரை தொடங்கினர். களைப்பு நீங்கவில்லை என்று கூறவே மாத்திரையின் அளவைக் கூட்டினர், பின்னும் கூட்டினர். அவ்வாண்டு இறுதியில் பாட்டியார் இரவில் உறங்காராயினர். மார்பு அடித்துக்கொள்கிறது என்று எழுந்து உட்காருவார். ஆலயத்தின் நான்கு படி ஏறுவதற்குள் இருமுறை நிற்பார். இதுவும் முதுமையே என்று யாம் எண்ணியிருந்தோம். வேறொரு மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, குருதியை மீண்டும் ஆராய்வித்தார். தூண்டுநீர் கீழெல்லைக்கும் கீழே தாழ்ந்திருந்தது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, ஈற்றில் நிறுத்திவிட்டார். சில திங்களில் நெஞ்சின் துடிப்பு அடங்கியது. பாட்டியார் இன்றும் நடந்தே ஆராதனைக்குச் செல்கின்றார்; களைப்பும் முன்போலவே உண்டு. அதனை அவர் நோயாகக் கருதுவதில்லை.

இதற்கு நேர்மாறானது எம் தெருவில் நிகழ்ந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 69 வயதினர், எமக்கு இளமையில் இலக்கணம் தொடங்கி வைத்தவர். அவர் குரல் கரகரத்தது, சித்திரை வெயிலிலும் போர்வை வேண்டுமென்றார், முகம் தடித்தது, நன்னூற் சூத்திரத்தைப் பாதியில் மறந்து திகைத்தார். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டாரும் சொன்னார்கள், யாமும் சொன்னோம். இரண்டாண்டு கழித்துக் கால் இடறி விழுந்து மருத்துவமனை சென்றபோதுதான் குருதியை ஆராய்ந்தனர். தூண்டுநீர் 60-ஐக் கடந்திருந்தது. தைராக்ஸினோ மிகத் தாழ்ந்திருந்தது. சிறு அளவில் மாத்திரை தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்தினர். ஆறு திங்களில் அவர் நூலகத்துக்கு வந்து எம் கட்டுரையொன்றில் ஒற்றுப்பிழை மூன்றைக் காட்டினார். வீணாய்க் கழிந்த அவ்விரண்டு ஆண்டுகளை அவர்க்கு யார் மீட்டுத் தருவார்?

முதுமையை நோய் என்று கொள்வது ஒரு பிழை. நோயை முதுமை என்று கொள்வது மற்றொரு பிழை. இவ்விரண்டும் வெவ்வேறு போலத் தோன்றினும் வேர் ஒன்றே. முதியோர்க்கு எது இயல்பு என்பதை நாம் அறிந்துகொள்ள முயலாமையே அவ்வேர்.

இனி, அறிஞர் கண்டவற்றை நோக்குவோம். 1988 முதல் 1994 வரை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த தேசிய உடல்நல ஆய்வில் திரட்டப்பெற்ற அளவுகளை மார்ட்டின் சர்க்ஸ், ஜோசப் ஹாலோவெல் என்னும் இருவரும் வயதுவாரியாகப் பகுத்து 2007-இல் வெளியிட்டனர். தூண்டுநீரின் மேலெல்லை 20 முதல் 29 வயதினர்க்கு 3.56 ஆகவும், 70 முதல் 79 வயதினர்க்கு 5.90 ஆகவும், 80-ஐக் கடந்தோர்க்கு 7.49 ஆகவும் இருந்தது. 4.5 என்னும் பொது எல்லையைக் கடந்த முதியோருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர், தம் வயதுக்குரிய எல்லைக்குள்ளேயே இருந்தனர். அஃதாவது, பொது எல்லையால் நோயாளர் எனப்பட்ட பத்து முதியோருள் எழுவர் தம் வயதினரோடு ஒப்பிடின் இயல்பானவரே.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பஸ்ஸல்டன் என்னும் ஊரில், அதே மக்களைப் 13 ஆண்டு இடையிட்டு இருமுறை ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டனர். அவர்தம் தூண்டுநீர் சராசரியில் உயர்ந்திருந்தது, தைராக்ஸினோ குறைந்திலது. உழவன் குரல் உயர்ந்தும் வயலில் நீர் குறையாமை இதனால் விளங்கும். இவ்வுயர்வின் காரணம் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். தூண்டுநீரின் ஏவலுக்குத் தைராய்டு இணங்குவது முதுமையில் தளர்கின்றது என்பர் சிலர். பிட்யூட்டரியின் நிலையே மாறுகின்றது என்பர் வேறு சிலர். தைராக்ஸினை உடல் செலவிடும் வேகமும் முதுமையில் குறைவதால், ஆக்கம் குறைந்தும் இருப்புக் குறைவதில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயதினரைத் தொடர்ந்து நோக்கி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டுநீர் உயர்ந்திருந்தோர் பிறரினும் நலங்குன்றினாரல்லர். அவர்கள் இறப்புவீதம் குறைவாகவே காணப்பட்டது.

மாத்திரையின் பயனையும் ஆராய்ந்துள்ளனர். நெதர்லாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில், தைராக்ஸின் இயல்பாயிருக்கத் தூண்டுநீர் மட்டும் உயர்ந்திருந்த 65 வயதுக்கு மேற்பட்டார் 737 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குத் தைராக்ஸினும் மற்றவர்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் தந்தனர். ஓராண்டின் பின் தூண்டுநீரின் அளவு மருந்துண்டார்க்குத் தாழ்ந்தது. களைப்போ, பிற குறிகளோ இரு கூற்றார்க்கும் வேறுபடவில்லை. இம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. எண் திருந்தியது, மனிதர் திருந்தவில்லை. 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பரிந்துரையும், இத்தகையோர்க்கு மாத்திரை தொடங்க வேண்டா என்றே கூறுகின்றது. கருவுற விழையும் பெண்டிரையும், தூண்டுநீர் 20-ஐக் கடந்தாரையும், குறிகள் கடுமையாக உள்ளோரையும், மிக இளையோரையும் அது விலக்கி வைக்கின்றது.

தேவையின்றி மருந்து மிகுந்தால் வரும் கேடும் சிறிதன்று. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 60 வயது கடந்தாரைப் பத்தாண்டு நோக்கி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டுநீர் மிகத் தாழ்ந்திருந்தாருள் 28 விழுக்காட்டினர்க்கு இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய் வந்தது. இயல்பாயிருந்தார்க்கு வந்ததோ 11 விழுக்காடே. எலும்பு நொய்ம்மையுறுதலும் இதனொடு சேர்ந்ததே. எம் பாட்டியார் நள்ளிரவில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைக்குந்தோறும் இவ்வெண்கள் எமக்கு வெறும் எண்களாகத் தோன்றுவதில்லை.

ஈண்டு எம் பாடப்பொருள் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நம் புலவர் பருவத்தின் வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர். பிள்ளைத்தமிழ் பாடுவோர் குழவியின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பகுத்தனர். தாலாட்டும் பருவத்துக் குழவி நடக்கவில்லையே என்று எப்புலவரும் குறை கூறியதில்லை. உலாவில் பெண்டிர்க்குப் பேதை முதலாக ஏழு பருவம் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இயல்பை வேறு வேறாகப் பாடினர். ஆனால் ஏழாவதாகிய பேரிளம்பெண்ணின் எல்லையைப் பாட்டியல் நூலார் 40 வயதோடு நிறுத்திவிட்டனர். அதற்கப்பால் பருவமே இல்லைபோலும்! இளமையின் ஒவ்வோர் ஆண்டையும் நுணுகி நோக்கிய கண், நாற்பதுக்குமேல் மூடிக்கொண்டது. ஆய்வுத் தாளின் ஒற்றை எல்லையும் இக்குற்றத்தையே செய்கின்றது. குழந்தைகட்கு வேறு அளவு, கருவுற்றார்க்கு வேறு அளவு என்று குறிக்கக் கற்றுக்கொண்ட மருத்துவம், முதியோர்க்கு மட்டும் இளையோரின் சட்டையை அணிவிப்பது ஏன்?

எம் கருத்துக்குத் தடை கூறுவாரும் உளர். முதியோர்பால் மறைந்த நோய் மிகுதி. அந்நோயாளரையும் சேர்த்து எண்ணியதனாலன்றோ எல்லை உயர்ந்தது என்பர். சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் குருதியில் உள்ளாரை நீக்கி எண்ணியபோதும் அவ்வுயர்வு காணப்பட்டமையின் இத்தடை நில்லாது. எல்லையை உயர்த்தினால் உண்மை நோயாளர் தப்பிவிடுவர் என்பது மற்றொரு தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. இங்கிலாந்தின் விக்கம் ஊராரை இருபதாண்டு தொடர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டுநீரும் உயர்ந்து எதிர்ப்பொருளும் உடைய பெண்டிருள் ஆண்டுதோறும் 4.3 விழுக்காட்டினர்க்குச் சுரப்பி முற்றக் குன்றியது. மேலும், 737 பேரை ஆராய்ந்த அவ்வாய்வில் தூண்டுநீர் 10-ஐக் கடந்தோர் மிகச் சிலரே. அதன் முடிவை அவர்மேல் ஏற்றுதல் தகாது. ஆதலின் எம் வேண்டுகோள், எல்லையை உயர்த்திவிட்டு உறங்குக என்பதன்று. வயதையும் ஆளையும் நோக்கி ஆராய்க என்பதே.

இன்னொன்றும் கூறல் வேண்டும். அயோடின் குறைந்த நிலப்பகுதிகளில் முதுமையில் தூண்டுநீர் உயராமல் தாழ்வதும் உண்டு. நெடுங்காலம் வீங்கிய சுரப்பியில் தோன்றும் கட்டிகள் ஏவலின்றியே நீரைச் சுரத்தல் அதற்குக் காரணம். நம் நாட்டில் 1962-இல் கழுத்துக்கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. இன்று 80 வயதினராக உள்ளோர் பலர், அயோடின் கலந்த உப்பு பரவுவதற்கு முன் வளர்ந்தவர். எனவே அமெரிக்கர் எண்ணை அப்படியே எடுத்து நம் முதியோர்க்குப் பொருத்துதலும் இரவல் சட்டையே. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,000-க்கு மேற்பட்ட வளர்ந்தோரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டதில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினர்க்குத் தைராய்டுக் குறைபாடு காணப்பட்டது. இத்துணைப் பரந்த நோய்க்கு, நம் நாட்டு எழுபதினர்க்கும் எண்பதினர்க்கும் உரிய அளவை நாமே கண்டு வகுத்தல் கடனாம்.

செய்யத்தக்கன யாவை? முதலாவது, ஆய்வுக்கூடத்தார் தாளில் வயதுக்கேற்ற எல்லையையும் உடன் அச்சிடுக. மை சிறிது மிகுதியாகுமேயன்றி வேறு செலவில்லை. இரண்டாவது, ஒருமுறை உயர்ந்த அளவைக் கண்டு மாத்திரை தொடங்காது, சில திங்கள் கழித்து மீண்டும் ஆராய்க. 2007-இல் வெளியான இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்றில், சிறிதளவே உயர்ந்திருந்தோருள் பாதிக்கு மேற்பட்டார் ஐந்தாண்டுக்குள் தாமே இயல்புக்குத் திரும்பினர். தைராக்ஸினையும் எதிர்ப்பொருளையும் உடன் நோக்குக. மூன்றாவது, மாத்திரை உண்பாரின் அளவைக் காலந்தோறும் சரிபார்க்க. நாற்பதில் பொருந்திய அளவு எண்பதில் மிகையாகலாம். நான்காவது நம்மைச் சார்ந்தது. தாத்தாவோ பாட்டியோ குளிர்கிறது, குரல் மாறியது, நினைவு தப்புகிறது, மெலிந்துவிட்டேன், நெஞ்சு படபடக்கிறது என்றால், வயது என்று கூறி நகையாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க. முதியோர்க்குச் சுரப்பு மிகையாயினும் இளையோர்பால் காணும் பரபரப்பு இன்றிச் சோர்வும் மெலிவுமே தோன்றுவதுண்டு என்பதையும் மறவற்க.

இதனைப் படித்து, உண்ணும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுதல் கூடவே கூடாது. சுரப்பி அகற்றப்பட்டார்க்கும் முற்றக் குன்றினார்க்கும் அம்மாத்திரை உயிரே ஆம். ஐயமுற்றோர் மருத்துவரையே கேட்பாராக. கால்சியம், இரும்பு முதலிய மாத்திரைகளை அதனோடு சேர்த்து விழுங்காமையும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பத்தொன்பது வயதினராகிய எம் குருதியளவைக் கொண்டு எம் பாட்டியாரை அளப்பது, அவர் நடையைக் கொண்டு எம் ஓட்டத்தை அளப்பது போன்றதே. அவர் தம் பருவத்தில் நலமாக உள்ளார். அப்பருவத்துக்கும் ஓர் இயல்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளுதல் முதியோர்க்கு நாம் செய்யும் சலுகையன்று, நீதியே ஆம். அந்நீதியை இன்று நாம் வழங்கக் கற்றால், நாளை நாம் முதியோராகுங்கால் நம்மை அளப்போரும் அதனை மறவார்.